படர்தாமரை ஜெல் பத்தே நாளில் நீர்த்துப்போனது ஏன்?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர். பி.ஃபார்ம் இறுதியாண்டு படிக்கிறேன். படர்தாமரை வந்தால் எங்கள் அப்பத்தா சீமையகத்தி இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசச் சொல்வாக. அதை ஜெல்லாக்குவதுதான் என் புராஜெக்ட். 100 மில்லி சம்பை ஊற்றுத் தண்ணீரில், ஜெல்லாகக் கெட்டிப்படுத்தும் பொடியான கார்போபால் 940ஐ 2 கிராம் போட்டு, 20 மில்லி இலைச்சாறு, 2 மில்லி எலுமிச்சைச் சாறு, கெடாமல் காக்கும் பாராபென் இரண்டு வகை எல்லாம் கலந்தேன். கடைசியில் டிரைஎத்தனாலமைன் என்ற காரம் 5 மில்லி விட்டதும் கெட்டியானது. நிறம் மட்டும் சிவந்துவிட்டது. வாயகன்ற கண்ணாடி ஜாடியில், வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) வெயில் படுகிற ஓரமாக வைத்திருந்தேன். 10 நாளில் கஞ்சித் தண்ணீர் மாதிரி ஆகி, மேலே கருப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. ஆனால் முதல் நாளே கேண்டிடா என்ற பூஞ்சை வளர்க்கும் தட்டில் வைத்தபோது, அது வளராத 14 மில்லிமீட்டர் வளையம் கிடைத்தது. மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணன், கொஞ்சம் க்ளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு சேர்த்தால் சீக்கிரம் கேட்கும் என்கிறார். சொந்தத்தில் நாலு பேருக்குக் கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது. முதலில் அந்த 14 மில்லிமீட்டர் வளையத்தைப் பார்ப்போம். உங்களுக்குத் தெம்பு தந்தது அதுதான், ஏமாற்றியதும் அதுதான்.

அதே தட்டில் இலைச்சாறு சேர்க்காத வெற்று ஜெல்லை வைத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உங்கள் ஜெல்லில் பாராபென் இருக்கிறது, எலுமிச்சைச் சாறு இருக்கிறது, அளவுக்கு மீறிய டிரைஎத்தனாலமைனும் இருக்கிறது. இவற்றுக்கே கேண்டிடா வளராமல் வளையம் விழலாம். 14 மில்லிமீட்டரில் சீமையகத்தியின் பங்கு எவ்வளவு என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. இனி எதைச் செய்தாலும் மூன்றாகச் செய்யுங்கள்: மருந்து சேர்த்த ஜெல், மருந்து மட்டும் இல்லாமல் மற்றதெல்லாம் அதே அளவில் சேர்த்த வெற்று ஜெல், ஒப்பிட்டுப் பார்க்கக் கடையில் கிடைக்கும் பூஞ்சைமருந்தான தெர்பினாஃபின் 1 சதவீத ஜெல் அல்லது கிரீம். வெற்று ஜெல் இல்லாத சோதனையை வைவாவில் முதல் கேள்வியிலேயே உடைத்துவிடுவார்கள். உடைப்பதும் நியாயம்தான்.

இன்னொன்று, கேண்டிடா ஈஸ்ட் வகை. படர்தாமரையைக் கொண்டுவருவது ட்ரைக்கோஃபைட்டான் போன்ற, தோலின் கெரட்டினைத் தின்று வாழும் பூஞ்சைகள். ஒன்றிடம் வேலை செய்யும் மருந்து மற்றதிடம் செய்யும் என்ற உறுதி இல்லை. தெர்பினாஃபினே ட்ரைக்கோஃபைட்டானிடம் காட்டும் வீரியத்தைக் கேண்டிடாவிடம் காட்டாது. கேண்டிடா தட்டில் உங்கள் ஜெல் தெர்பினாஃபினை முந்தினாலும் படர்தாமரைக்கு அது சாட்சி ஆகாது.

இனி ஜெல் நீர்த்த கதை. கார்போபால் ஒரு அமிலப் பாலிமர். தண்ணீரில் போட்டதும் சுருண்டே கிடக்கும். காரம் சேரும்போது அதன் கார்பாக்சில் தொகுதிகள் மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று தள்ளும். சுருள் விரியும், தண்ணீர் கெட்டிப்படும். அந்தத் தள்ளுதலைக் கெடுப்பது உப்பு. சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகள் நடுவே புகுந்து மின்னூட்டத்தை மறைத்தால் சுருள் மறுபடி மடங்கிவிடும். நம்பிக்கை இல்லையென்றால் கெட்டியான வெற்று ஜெல் ஒரு கரண்டி எடுத்து ஒரு சிட்டிகை சாப்பாட்டு உப்பைத் தூவிக் கிளறுங்கள். கண்ணெதிரே தண்ணீராகும்.

சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியோ, அந்த ருசியே அதில் கரைந்த உப்புகளால் வந்தது. ஜெல்லுக்கு அது ஆகாது. வீட்டு ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம். பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரித் தண்ணீரில் உப்பு குறைவுதான், ஆனால் கிருமி எண்ணிக்கைக்கு அங்கே யாரும் பொறுப்பு இல்லை. கல்லூரியில் அன்றன்று வடித்த தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, அன்றே பயன்படுத்துங்கள்.

இலைச்சாறு அதைவிட மோசம். பச்சை இலையில் பொட்டாசியம் நிறைய. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் டிரைஎத்தனாலமைனோடு சேர்ந்து தன் பங்குக்கு ஒரு உப்பை உண்டாக்குகிறது. போதாக்குறைக்கு வெயில் வேறு. கார்போபாலின் சங்கிலிகளைப் புற ஊதாக் கதிர் அறுத்துவிடும். இத்தனைக்கும் நடுவே 10 நாள் தாங்கியதே பெரிது.

எலுமிச்சையை முழுக்க விட்டுவிடுங்கள். உப்புக்காக மட்டும் சொல்லவில்லை. எலுமிச்சையில், குறிப்பாக அதன் தோலில், சோராலென் வகைப் பொருள்கள் உண்டு. பூசிய இடத்தில் வெயில் பட்டால் தீக்காயம் போலக் கொப்பளித்து, ஆறியபின் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். பங்குனி, சித்திரையில் நம் பக்கம் அடிக்கிற வெயிலுக்கு இது வேண்டாத வம்பு.

நிறம் சிவந்ததற்குக் காரம் கூடியதே காரணம். கார்போபால் 1 கிராமைப் பிஹெச் 7 வரை கொண்டுவர டிரைஎத்தனாலமைன் ஏறக்குறைய ஒன்றரை கிராம் போதும். உங்கள் 2 கிராமுக்கு 3 கிராம். நீங்கள் விட்ட 5 மில்லியின் எடை ஐந்தரை கிராமுக்கு மேல், ஏனென்றால் அது தண்ணீரைவிடக் கனமான திரவம். எலுமிச்சைச் சாறு குடித்தது போக மிச்சம் முழுவதும் காரமாக நின்றுவிட்டது. சீமையகத்தியில் உள்ள ரெயின், அலோ எமோடின், கிரைசோஃபனால் முதலானவை ஆந்த்ராகுவினோன்கள். அமிலத்தில் மஞ்சள், காரம் ஏற ஏறச் செம்மை. மூலிகை ஆய்வகத்தில் செய்த போர்ன்ட்ரேகர் சோதனை நினைவிருக்கும், அதேதான். ஒருவகையில் ஜெல் தன் பிஹெச்சைத் தானே நிறத்தால் சொல்லிவிட்டது. தோலின் மேற்பரப்பு இயல்பாகவே லேசான அமிலம், ஜெல்லை 5.5க்கும் 6க்கும் நடுவில் நிறுத்த வேண்டும்.

கருப்புப் புள்ளி பூஞ்சை. பூஞ்சைக்கான மருந்திலேயே பூஞ்சை பூத்திருக்கிறது! பாராபென் தூளை நேரே குளிர்ந்த நீரில் போட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். மெத்தில் பாராபென் 1 கிராம் கரைய 400 மில்லி தண்ணீர் வேண்டும், புரோப்பில் பாராபெனுக்கு 2500 மில்லி. அதுவும் சட்டென்று கரையாது. ஜெல் கெட்டிப்பட்டபின் சிக்கிய பொடி அப்படியே பொடியாக நின்றுவிடும். முதலில் புரோப்பிலீன் கிளைகாலில் கரைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. காரத்தில் பாராபெனின் வீரியம் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாயகன்ற ஜாடியில் தினமும் விரல் விட்டு எடுத்தால் எந்தப் பாதுகாப்பும் தோற்றுப்போகும். 15 கிராம் டியூபில் அடையுங்கள்.

இப்போது புதிதாகச் செய்யும் வழி. சாற்றைக் கைவிட்டு வடிசாறுக்கு வாருங்கள். இலையைத் தாவரவியல் பேராசிரியர் ஒருவரிடம் காட்டி அடையாளச் சான்று வாங்கி, உலர்த்திய மாதிரி ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள். சீமையகத்தியும் கீரைக்கு வாங்கும் அகத்தியும் வேறு வேறு குடும்பக் கிளைகள், பெயர் ஒத்திருப்பதால் சந்தையில் மாற்றிக் கொடுத்தவர்கள் உண்டு. நிழலில் உலர்த்தி, பொடித்து, சலித்த தூள் 100 கிராமுக்கு 70 சதவீத எத்தனால் 1 லிட்டர். மூடிய பாத்திரத்தில் 3 நாள், அவ்வப்போது குலுக்கி, வடிகட்டி, 50 டிகிரிக்கு மேல் போகாமல் ரோட்டரி எவாப்பரேட்டரில் சுண்டவையுங்கள். எத்தனாலைக் கல்லூரி உரிமத்தின் வழியாகத்தான் பெற வேண்டும். மெத்தனால் கலந்த டினேச்சர்டு ஸ்பிரிட்டை மருந்து வேலைக்குத் தொடவே கூடாது.

கார்போபாலா, வேறா? மூலிகை வடிசாறுக்கு என் ஓட்டு, செல்லுலோஸிலிருந்து செய்யும் கெட்டிப்படுத்தும் பொடியான ஹெச்பிஎம்சிக்கே. அதில் மின்னூட்டம் இல்லை, ஆகவே வடிசாறோடு வரும் உப்புக்கு அவ்வளவாகக் கலங்காது. கெட்டியாக டிரைஎத்தனாலமைனும் தேவையில்லை. குறையும் உண்டு. காய்ந்தால் மெல்லிய தோலாக உரியும், கையில் கொஞ்சம் பிசுபிசுக்கும், கார்போபாலின் கண்ணாடித் தெளிவு வராது. கார்போபால்தான் வேண்டும் என்று உங்கள் வழிகாட்டி சொன்னால் 940ஐ விட்டு 980 எடுங்கள். கெட்டிப்படுத்தும் திறன் கிட்டத்தட்ட ஒன்றேதான். 940ஐப் பென்சீன் கரைப்பானில் தயாரிக்கிறார்கள். புற்றுநோய் தரும் அந்தப் பென்சீன் எச்சமாகத் தங்குகிறது. மருந்துகளில் பென்சீனுக்கு உலக அளவில் ஏற்ற வரம்பு பத்து லட்சத்தில் 2 பங்குதான்.

100 கிராம் ஜெல்லுக்கு அளவு இது: வடிசாறு 2 கிராம், ஹெச்பிஎம்சி கே4எம் 3 கிராம், புரோப்பிலீன் கிளைகால் 10 கிராம், கிளிசரின் 5 கிராம், மெத்தில் பாராபென் 0.18 கிராம், புரோப்பில் பாராபென் 0.02 கிராம், மீதி வடித்த தண்ணீர். எல்லாவற்றையும் எடையால் எடுங்கள்; புரோப்பிலீன் கிளைகாலை அளவு ஜாடியில் ஊற்றினால் கொஞ்சம் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். கிளைகாலை 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் மருந்து உள்ளே போவது கூடலாம், எரிச்சலும் கூடவே கூடும்.

தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை 80 முதல் 90 டிகிரிக்குச் சூடாக்கி, ஹெச்பிஎம்சியைத் தூவிக்கொண்டே கலக்குங்கள். சூட்டில் அது கரையாது, பால் போல மிதக்கும். அதுதான் வேண்டும், ஒவ்வொரு துகளும் தனித்தனியாக நனைகிறது என்று பொருள். குளிர்ந்த நீரில் கொட்டினால் கொழுக்கட்டை போல உருண்டு, வெளியே வழவழப்பும் உள்ளே காய்ந்த மாவுமாக நிற்கும். பிறகு எவ்வளவு சுற்றினாலும் உடையாது. துகள் எல்லாம் நனைந்தபின் மிச்சத் தண்ணீரைக் குளிரவைத்து ஊற்றிக் கலக்கி, ஓரிரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் தெளிந்திருக்கும். இன்னொரு பீக்கரில் புரோப்பிலீன் கிளைகாலை 40 டிகிரிக்குச் சூடாக்கிப் பாராபென்களையும், அடுத்து வடிசாறையும் கரையுங்கள். கரையாமல் அடியில் தங்குவதை வடிகட்டி எறிந்துவிட்டு ‘2 சதவீதம்’ என்று எழுதாதீர்கள். எவ்வளவு தங்கியது என்று எடைபோட்டுக் கழியுங்கள். கிளிசரினோடு சேர்த்து ஜெல்லில் கொஞ்சம் கொஞ்சமாக, மெதுவாகக் கலக்குங்கள். வேகமாகச் சுற்றினால் காற்றுக் குமிழி புகுந்துகொள்ளும். பிறகு பாகுநிலை, எடை, டியூப் நிரப்பும் அளவு எல்லாமே பொய் சொல்லும். பிஹெச் 5.5க்குக் கீழே இருந்தால் 10 சதவீத டிரைஎத்தனாலமைன் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சரிசெய்யுங்கள்.

வடிசாறு 2 சதவீதம் என்றது தொடக்கத்துக்காக மட்டும். சரியான அளவைப் பூஞ்சையிடம்தான் கேட்க வேண்டும். சண்டிகரில் உள்ள எம்டிசிசி கிருமிச் சேமிப்பகத்திலிருந்து ட்ரைக்கோஃபைட்டான் வகை ஒன்றைக் கல்லூரி மூலம் வரவழையுங்கள். ஜெல்லாக்கும் முன் வெறும் வடிசாறின் குறைந்தபட்சத் தடுப்பு அளவை, அதாவது பூஞ்சை வளராமல் தடுக்கும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடியுங்கள். அது மில்லிக்கு 1 மில்லிகிராம் என்று வந்தால், 2 சதவீத ஜெல்லில் கிராமுக்கு 20 மில்லிகிராம், அதாவது இருபது மடங்கு இருக்கிறது, போதும். 10 மில்லிகிராம் என்று வந்தால் 2 சதவீதத்தில் நம்பிக்கை வைக்க முடியாது. சோதனைக்கு வடிசாறைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் இறுதியில் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, தாண்டினால் அதுவே பூஞ்சையை வாட்டும்.

ஜெல்லுக்குக் குழி வெட்டி வளையம் அளக்கும் முறையை நான் பெரிதாக மதிப்பதில்லை. தண்ணீரில் எளிதில் கரையாத கிரைசோஃபனால் அகாருக்குள் ஊர்ந்து போவதே கடினம். வளையம் சிறுத்தால் மருந்து பலவீனமா, ஊரவில்லையா என்று தெரியாது. பூஞ்சை வளர்க்கும் ஊடகமான சாபரோ அகாரிலேயே ஜெல்லைக் கலந்து ஊற்றி, நடுவில் 6 மில்லிமீட்டர் பூஞ்சை வில்லையை வைத்து, 28 டிகிரியில் 7 நாள் கழித்துக் குறுக்களவை எடுத்து, வெற்று ஜெல் கலந்த தட்டோடு ஒப்பிடுங்கள். ட்ரைக்கோஃபைட்டான் மெதுவாக வளரும். 48 மணி நேரத்தில் முடிவெழுத ஆசைப்படாதீர்கள்.

பாகுநிலைக்குப் புரூக்ஃபீல்டு விஸ்காமீட்டரில் எடுக்கும் எண்ணோடு ஸ்பிண்டில் எண், சுற்று வேகம், வெப்பநிலை மூன்றையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் எண்ணுக்குப் பொருளில்லை. ஏசி இல்லாத ஆய்வகத்தில் சித்திரையில் எடுத்ததும் மார்கழியில் எடுத்ததும் ஒத்துவராது. மாதிரியை 25 டிகிரி நீர்த்தொட்டியில் ஒரு மணி நேரம் வைத்த பிறகே அளவெடுங்கள். பரவுதிறனுக்குக் கருவி வேண்டாம்: இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே 1 கிராம் ஜெல், மேல்தகடு 125 கிராம் எடையாக இருக்கட்டும், 1 நிமிடம் கழித்து வட்டத்தின் விட்டம். டியூபின் மேல், நடு, அடி மூன்றிடத்தில் எடுத்து மருந்தளவு பாருங்கள். ஆந்த்ராகுவினோன்களை மெத்தனாலில் கரைத்த மெக்னீசியம் அசிடேட்டோடு சேர்த்தால் வரும் சிவப்பை 515 நானோமீட்டரில் அளக்கலாம். இங்கும் வெற்று ஜெல்லைத்தான் பிளாங்காக (கழித்துப் பார்க்கும் ஒப்பீடாக) வைக்க வேண்டும், இலைப்பச்சையம் இருந்தால் அது தனியாகக் கழியாது என்பதையும் நினைவில் வையுங்கள். பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவி கிடைத்தால் அதுவே நல்லது.

மருந்து ஜெல்லை விட்டு வெளியே வருகிறதா என்பதற்கு ஃபிரான்ஸ் செல்: மேலே ஜெல், நடுவே மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வு, கீழே திரவத்தொட்டி கொண்ட கண்ணாடிக் கருவி. நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். கீழ்த்தொட்டியில் வெறும் பாஸ்பேட் பஃபரை ஊற்றினால் ஆந்த்ராகுவினோன் அதில் கரையாது. ஒரு மணி நேரத்தில் நிறைந்துபோய் வரைபடம் தட்டையாகிவிடும். ‘மெதுவாக விடுவிக்கும் ஜெல்’ என்று பெருமையாக எழுதிவிடுவார்கள்! பஃபரில் 20 முதல் 30 சதவீதம் எத்தனால் சேர்த்து, அதில் எவ்வளவு மருந்து கரைகிறது என்று முன்கூட்டியே பாருங்கள். தொட்டி 32 டிகிரியில் இருக்க வேண்டும், அதுதான் தோல் மேற்பரப்பின் சூடு. 0.45 மைக்ரான் செல்லுலோஸ் அசிடேட் மெம்பிரேன், மேலே 300 மில்லிகிராம் ஜெல், அரை, 1, 2, 4, 6 மணிகளில் மாதிரி. எடுத்த அளவுக்குப் புதிய திரவம். திரவத்தை முன்கூட்டியே காற்று நீக்காவிட்டால் மெம்பிரேனுக்கு அடியில் குமிழி உட்கார்ந்து பரப்பைக் குறைத்துவிடும். செல்லைச் சாய்த்துப் பார்த்தால் குமிழி தெரியும். ஆறு செல்லாவது ஓட்டுங்கள். வெளிவந்த அளவை நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிரே வரைந்தால் கிடைக்கும் நேர்கோட்டின் சாய்வுதான் வெளியீட்டு வேகம்.

நிலைப்புத்தன்மைக்கு 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதப் பெட்டியில் 0, 1, 3, 6 மாதங்கள் என்று பாருங்கள். பழைய வீட்டின் பெட்டக அறைக்குள் வைத்துவிட்டு ஆறு மாதம் கெடவில்லை என்று எழுதுவதற்குப் பொருள் இல்லை. சுண்ணாம்புச் சுவரும் உயரமான கூரையும் கொண்ட வீடு அது, வெயிலே எட்டாது. வாங்கும் ஆள் அதைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் போவார். ஒவ்வொரு முறையும் கிருமி எண்ணிக்கை: தோலில் பூசும் மருந்தில் 1 கிராமுக்கு நுண்ணுயிர் 100க்கும் பூஞ்சை 10க்கும் மேல் போகக்கூடாது, ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸும் சூடோமோனாஸும் அறவே இருக்கக்கூடாது. பாராபென் போதுமா என்பதற்குத் தனிச் சோதனை உண்டு. வேண்டுமென்றே கிருமியைக் கலந்து 28 நாள் எண்ண வேண்டும். 14ஆம் நாளில் பாக்டீரியா நூறில் ஒன்றாகக் குறைந்திருக்க வேண்டும், பூஞ்சை கூடியிருக்கக் கூடாது.

அண்ணன் சொன்ன க்ளோபெட்டசால். அவருடைய அனுபவத்தில் அது உண்மையாகவே தெரிந்திருக்கும். பூசிய இரண்டாம் நாளே அரிப்பும் சிவப்பும் அடங்கும். அடங்குவது உடம்பின் எதிர்ப்பு, பூஞ்சை இல்லை. எதிர்ப்பு ஓய்ந்த இடத்தில் பூஞ்சை தாராளமாகப் பரவும், வட்டத்தின் ஓரம் மங்கி, மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இடுப்பு மடிப்பிலும் தொடையிலும் வரிவரியாக விழும் கோடு திரும்ப மறையாது. ஸ்டீராய்டு, பூஞ்சைமருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த களிம்புகளைக் கடையில் கேட்டு வாங்கிப் பூசும் பழக்கமே நாட்டில் படர்தாமரையை இவ்வளவு பிடிவாதமாக்கியதில் பெரிய பங்கு வகித்தது. 2018இல் பூசும் ஸ்டீராய்டுகளை மத்திய அரசு அட்டவணை ஹெச்சில் கொண்டுவந்தது இதனால்தான். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது. உங்கள் ஜெல்லில் சேர்த்தால் சித்த மருந்து என்ற வகையிலிருந்தே அது வெளியேறிவிடும்.

சொந்தக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். அப்பத்தா அரைத்த விழுது வேறு, உங்கள் ஜெல் வேறு. எத்தனாலில் வடித்துச் சுண்டவைத்த சாறு இலையைவிடப் பல மடங்கு அடர்த்தி. புரோப்பிலீன் கிளைகால் அதைத் தோலுக்குள் தள்ளுகிறது. தலைமுறைகளாகப் பூசியது என்ற வாதம் இந்தப் பொருளுக்குச் செல்லாது. மனிதர்மேல் ஒட்டுச் சோதனை செய்ய நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி, தோல் மருத்துவர் மேற்பார்வை, எழுத்தில் ஒப்புதல், மருத்துவச் சோதனைகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவு எல்லாம் வேண்டும். முயலில் செய்வதானால் விலங்கு நெறிமுறைக் குழு. இளநிலைப் புராஜெக்டுக்கு இரண்டும் வேண்டாம். பூஞ்சைச் சோதனையும் ஃபிரான்ஸ் செல்லும் நிலைப்புத்தன்மையும் ஒழுங்காக முடித்தாலே நிறைவான வேலை. விற்கும் எண்ணம் பின்னால் வந்தால் படிவம் 25-டி (25-D) உரிமம், அட்டவணை டி (T) சொல்லும் தயாரிப்பு ஒழுங்கு என்று அது வேறு பாதை.

வீட்டில் யாருக்காவது இப்போது படர்தாமரை இருந்தால், எதுவும் பூசாமல் தோல் மருத்துவரிடம் போய் ஓரத்தைச் சுரண்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். களிம்பு பூசிய தோலில் பூஞ்சை இழை தெரியாமல் போகலாம். வளவில் இருக்கும் ஜாடியை யாரும் விரல் விடுவதற்குள் கொட்டிவிடுங்கள்.